சன்னல் வழியே வந்த வினைச்சொல்

ஆங்கிலத் தலையங்கம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, கட்சித் தலைவர் ஒருவரை அவருடைய உறுப்பினர்களே ‘டிஃபெனஸ்ட்ரேட்’ செய்துவிட்டார்கள் என்ற வரியில் என் கை நின்றுவிட்டது. அகராதியைப் புரட்டினால், ஒருவரைச் சன்னல் வழியாக வெளியே தூக்கி எறிதல் என்று பொருள் போட்டிருந்தது. அந்தத் தலைவரோ தொலைக்காட்சியில் நலமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

சன்னலைக் குறிக்கும் ‘ஃபெனெஸ்ட்ரா’ என்ற இலத்தீன் சொல்தான் இதன் வேர். சொல்லுக்குப் புகழ் தேடித்தந்த ஊர், இன்றைய செக் நாட்டின் தலைநகரான பிராக். அன்று அது பொகீமியா என்ற நாட்டின் தலைநகர். தங்கள் வழிபாட்டு உரிமை பறிபோகிறது என்று கொதித்த பொகீமியப் புராட்டஸ்டண்டு பிரபுக்கள், 1618 மே 23 அன்று பிராக் கோட்டைக்குள் புகுந்து, கத்தோலிக்கப் பேரரசரின் பிரதிநிதிகளான ஸ்லவாட்டாவையும் மார்ட்டினிட்ஸையும், அவர்களோடு செயலர் ஃபப்ரிசியுஸையும் சன்னல் வழியே வீசினார்கள். சன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்கிய ஸ்லவாட்டாவின் விரல்களைக் கத்திப்பிடியால் அடித்து விடுவித்தார்களாம். ஏறத்தாழ 20 மீட்டர் உயரம். ஆயினும் மூவரும் பிழைத்தார்கள். கன்னி மரியாள் தாங்கினாள் என்றது கத்தோலிக்கத் தரப்பு, குப்பைமேடு தாங்கியது என்றது புராட்டஸ்டண்டு தரப்பு. இதைத் தொடர்ந்து ஐரோப்பாவில் மூண்டதுதான் முப்பதாண்டுப் போர். ஃபப்ரிசியுஸுக்குப் பின்னாளில் பிரபுப் பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டப்பெயரே ‘உயர்ந்த வீழ்ச்சியைச் சேர்ந்தவர்’ என்று பொருள்படும். அரசவையிலும் குறும்புக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்.

இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல் பெரும்பாலும் பதவி பறிப்பையே குறிக்கிறது; அதுவும் எதிரிகள் தோற்கடிப்பதை அன்று, கூட இருப்பவர்களே திடீரென்று வெளியேற்றுவதை. தானாகத் தவறி விழுந்தவருக்கு இது பொருந்தாது, தள்ளுகிற கை ஒன்று வேண்டும். சொல்லில் கேலி தொனிப்பதால், உண்மையிலேயே சன்னலிலிருந்து விழுந்து இறந்தவரைப் பற்றிய செய்தியில் நான் இதை எழுத மாட்டேன். கணினிக்காரர்களோ விண்டோஸ் இயங்குதளத்தை அழித்துவிட்டு லினக்ஸ் நிறுவுவதற்கும் இதே சொல்லை வேடிக்கையாக வைத்திருக்கிறார்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது? சன்னலே போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொல். சிலப்பதிகாரம் ‘காலதர்’, அதாவது காற்று வரும் வழி, என்கிறது. ‘காலதரெறிதல்’ என்று ஒரு சொல்லை ஆக்கிப் பார்த்தேன். வாய்க்குள் நுழையவில்லை, அடித்துவிட்டேன். பதவியிலிருந்து ‘தூக்கி எறிந்தார்கள்’ என்று நம் செய்தித்தாள்கள் நெடுங்காலமாகவே எழுதிவருகின்றன. அதையே எழுதி, சன்னலை விட்டுவிட்டு, அடுத்த வரிக்குப் போனேன்.