துப்பாக்கி பீரோவுக்குள் வந்த மழை

2024 மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி வழக்கம்போல ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்தது. அப்பாவின் 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, தோல் உறைக்குள் வைத்துக் கொடுத்து ரசீது வாங்கிவந்தேன். எங்களுக்கு ஏப்ரல் 19-லேயே ஓட்டு முடிந்துவிட்டது. ஆனால் தேர்தல் முடிவு வந்தது ஜூன் 4. அதற்கப்புறம்தான் நடத்தை விதிகள் விலகின. துப்பாக்கி என் கைக்குத் திரும்பியபோது நீலகிரியில் எங்கள் பந்தலூர்ப் பக்கம் தென்மேற்கு மழை பிடித்துவிட்டது. குழலைக் கையால் தடவிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று உறையோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஆகஸ்டில் திறந்தபோது வலது குழலின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. துருவால் ஆன ரேகை. ஆதாருக்கு எடுத்ததுபோல வரிவரியாக, அவ்வளவு துல்லியம். ஸ்டேஷனில் யாரோ ஈரக்கையால் எடுத்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் திட்டினேன். அப்புறம் என் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மிளகுக்கொடி வெட்டும்போது பட்ட கத்தித் தழும்பு, ரேகையின் இடது ஓரத்திலும் குறுக்கே ஓடியது. வியர்வையில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தை இரும்பு பார்த்துக்கொண்டது.

பக்கத்தில் தொங்கிய தோல் பெல்ட்டில் இருந்த தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகம், கோயில் விளக்கு மாதிரி பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அப்பா காலத்துக் காகிதத் தோட்டாக்கள் நாலு, ஈரம் குடித்து உப்பியிருந்தன. அவை குழலுக்குள் நுழையவே நுழையாது. நல்லவேளை, துப்பாக்கி தேவைப்பட்ட ஒரு ராத்திரியில் இது தெரியவரவில்லை.

துருவை எடுப்பது பெரிய வேலை இல்லை. நாலு பூஜ்யம் போட்ட, மிக மெல்லிய இரும்புக் கம்பளி கிடைக்கிறது. அதை எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். உப்புத்தாளை எடுத்தால் குழலின் நீல மெருகும் சேர்ந்து போய்விடும். ரேகை போனது. உற்றுப் பார்த்தால் அதன் நிழல் மட்டும் இன்னும் தெரிகிறது.

திரும்ப வராமல் பார்த்துக்கொள்வதுதான் பாடாக இருந்தது. முதலில் அந்துருண்டை போட்டேன். அது பூச்சிக்கு, ஈரத்துக்கு அல்ல. அடுத்து, செருப்பு டப்பாக்களில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் போட்டேன். அவை டப்பாவைத் திறந்த நாளிலேயே ஈரம் குடித்து முடித்திருக்கும். மிளகை 11 சதவீதத்துக்கும் காப்பியைப் பத்துக்கும் காயவைத்து, மீட்டர் போட்டுப் பார்க்காமல் ஒரு மூட்டையைக்கூடக் கட்டாத ஆள் நான். பீரோவுக்குள் எவ்வளவு ஈரம் என்று அளந்து பார்க்க எனக்கு மூன்று வாரம் தோன்றவில்லை.

காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர் இரண்டு வாங்கினேன். மலிவானவை, அதனால் முதலில் அவற்றையே சோதிக்க வேண்டியிருந்தது. சோடா மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் சொட்டி, மீட்டர்களோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வைத்தேன். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும். காலையில் ஒன்று 74 காட்டியது, மற்றது 69. இரண்டாவதன் முதுகில் ‘+6’ என்று எழுதி ஒட்டினேன்.

பீரோவுக்குள் 84. ஐம்பதை ஒட்டி இருந்தால் நிம்மதி. அறுபதைத் தாண்டினால் துருவுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

ஈரம் குடித்தால் பச்சையாக நிறம் மாறும் ஆரஞ்சு சிலிக்கா ஜெல் வாங்கி, பழைய வேட்டித் துணியில் அரைக்கிலோ பை தைத்துத் தொங்கவிட்டேன். இரண்டு நாளில் 66-க்கு இறங்கியது, அப்புறம் மெல்ல ஏறி மறுபடி எண்பதைத் தொட்டது. ஒரு வாரம் கழித்துப் பையை மிளகுத் தராசில் வைத்தால் 610 கிராம். இங்கேதான் எனக்குக் கணக்கு இடித்தது. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று நிறையக் குடித்தாலும் 23 கிராம் தண்ணீர்தான் அதில் நிற்கும். என் பீரோ அரை கன மீட்டர். உள்ளே இருக்கும் காற்றை முழுக்கப் பிழிந்தாலும் 12 கிராம் தேறாது. அப்படியானால் 110 கிராம் எங்கிருந்து வந்தது?

பீரோவை நகர்த்தினேன். மேற்குச் சுவர், மழை நேராக அறையும் கருங்கல் சுவர். அதில் ஒட்டி நின்ற பீரோவின் முதுகு சில்லென்று, முத்து முத்தாக வியர்த்திருந்தது. உள்ளே அப்பா ஒட்டிய பச்சைக் கம்பளித் துணி, பிழிந்தால் சொட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம். தோல் உறையும் அப்படியே. தோல் ஈரத்தைத் தேக்கி வைக்கும். பதனிடும்போது ஏறிய அமிலமும் உப்பும் வேறு அதில் இருக்கும். பித்தளை பச்சை பூத்தது அதனால்தான். நான் பத்திரம் என்று நினைத்துச் செய்ததெல்லாம் ஈர ஒத்தடம்.

கம்பளியைக் கிழித்தெடுத்தேன். பீரோவை உள்சுவருக்கு மாற்றி, அடியில் பலகை கொடுத்து, சுவருக்கும் முதுகுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டு மறுபடி போல்ட் அடித்தோம். கதவு இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினேன். துப்பாக்கிக்கு இப்போது உறை கிடையாது. மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு, குழல் வாய் கீழே பார்க்க நிற்கிறது. நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் இறங்கி இயங்கு பாகத்தில் கட்டும், பின்கட்டையின் மரத்தையும் ஊறவைத்துவிடும். எடுத்தால் துடைக்காமல் வைப்பதில்லை. ரேகை நினைவிருக்கிறது.

உள்ளே எப்போதும் எரியும் சின்ன ஹீட்டர் கம்பி வைக்கலாம் என்று நண்பர் சொன்னார். அது தண்ணீரை வெளியேற்றாது. காற்றைக் கொஞ்சம் சூடாக்கி, ஒப்பு ஈரப்பதத்தை, அதாவது மீட்டர் காட்டும் அந்தச் சதவீதத்தைக் குறைக்கும். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பக்கம் லைன் மேல் மரம் விழுந்தால் இரண்டு நாள் கரண்ட் வராது. சரியாக மழை கொட்டும் அந்த இரண்டு நாள்தான் அது தேவை. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

தோட்டாக்கள் பூட்டோடு தனி இரும்புப் பெட்டியில். அதற்குள்ளே ரப்பர் வளையம் வைத்த, கிளிப் போட்டு மூடும் டப்பா. வாங்கிய வருஷம் மூடிமேல் எழுதியிருக்கிறது, பழையது முதலில் செலவாக. லேசான களிம்பை உலர்ந்த துணியால் துடைத்தேன். எண்ணெய் ஸ்ப்ரே தோட்டாவின் பக்கமே வரக்கூடாது, கசிந்து உள்ளே போனால் வெடிக்காமலே போகும். உப்பியவற்றையும் களிம்பு அரித்தவற்றையும் கணக்கு எழுதி ஒப்படைத்துவிட்டேன்.

சிலிக்காவை மாதம் ஒருமுறை, சமையலுக்கு இல்லாத ஒரு பழைய சட்டியில் சிறுதீயில் வறுக்கிறேன். பச்சையானது ஆரஞ்சுக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் பொரிகடலை மாதிரி வெடிக்கிறது. தராசில் 500 வரும்வரை இறக்குவதில்லை. அப்பளத் தகரத்துக்கு ஒரு பை கேட்டு அம்மா நச்சரிக்கிறார். கொடுக்கவில்லை.

போன ஜூலையில் அறைக்குள் 91 காட்டிய அன்று பீரோவுக்குள் 52. அந்தத் தோல் உறையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. திண்ணையில் ஆணியில் தொங்குகிறது. குடை வைக்கிறோம்.