கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பார்

12 ஜனவரி 2025, ஞாயிறு

கடல்மீன் வளர்க்க வாங்கிய டேங்க் வந்து ஒரு வாரம் ஆகிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 180 லிட்டர் சொச்சம் பிடிக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "மீன் எப்போ விடுவீங்க?" என்று கேட்கிறார்கள். முதலில் கல் வேண்டும் என்கிறேன். அவர்களுக்கு விளங்கவில்லை.

பத்து வருடம் நன்னீர் மீன் வளர்த்தபோது எனக்கும் இது தெரியாது. அங்கே கல் ஓர் அழகு, அவ்வளவுதான். கடல்நீர்த் தொட்டியில் கல்தான் நுரையீரல், கல்தான் சிறுநீரகம். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லின் மேற்பரப்பில் குடியிருக்கும். இன்னும் உள்ளே, ஆக்ஸிஜன் எட்டாத நுண்துளைகளில் வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டையும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். ஆகவே கல் என்றால் எந்தக் கல்லும் ஆகாது. துளை நிறைந்த, கையில் எடுத்தால் கனம் தெரியாத, சுண்ணாம்புச் சத்துள்ள கல் வேண்டும். பத்து லிட்டருக்கு ஒரு கிலோ என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. துளை அதிகமென்றால் அதில் பாதி கூடப் போதும்.

நம் குமரி மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்? ஆனால் எங்கே திரும்பினாலும் கருங்கல். மதில் ஓரம் கிடந்த ஒரு துண்டைக் கழுவி வினிகர் இரண்டு சொட்டு விட்டேன். சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. அடுக்களையில் நேற்று சிப்பி அவித்துக் குவித்த ஓட்டில் ஒன்றை எடுத்து அதிலும் இரண்டு சொட்டு. பொடிப்பொடியாக நுரை கிளம்பி, காதருகே கொண்டுபோனால் மெல்லிய 'சிர்ர்' சத்தம் கேட்டது. மகளும் காதை வைத்துக் கேட்டாள். அதுதான் கால்சியம் கார்பனேட். கருங்கல் தொட்டிக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் துளையே கிடையாது, பாரமும் அதிகம்.

18 ஜனவரி, சனி

"கடல்நீர்த் தொட்டி வைப்பதையே விடுகிறேன், கல் விற்க இருக்கிறது" என்று ஒருவர் சொன்னதால் திருவனந்தபுரம் போய்விட்டு வந்தேன். இரண்டு சாக்கு. விலையும் கம்மி. சந்தோஷமாகத்தான் சாக்கை அவிழ்த்தேன்.

மேலே கிடந்த கல்லைத் தண்ணீரில் அலசி வெயிலில் பிடித்ததும் கை நின்றுவிட்டது. அதன் ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நட்சத்திரம் போல மெல்லிய தடுப்புகள், தேனடை மாதிரி ஒட்டி ஒட்டி. ஒவ்வொரு வட்டமும் ஒரு பவள உயிர் இருந்த வீடு. அடுத்த கல்லும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. செத்த பவளம்தானே, கரையில் ஒதுங்கியதுதானே என்ற பேச்சு எடுபடாது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "எல்லாரும் வச்சிருக்காங்க" என்றார். சாக்கை அப்படியே கட்டிவைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எத்தனையோ காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இப்போது தண்ணீருக்கு அடியில். அலையைத் தடுத்துநின்ற பாறையை எடுத்துவிட்டால் தீவு எப்படி நிற்கும்? ஒரு பவளப்பாறையை வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவன் இன்னொன்றை உடைத்துக்கொண்டு வரலாமா?

கல்லை நானே செய்துகொள்வது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

26 ஜனவரி, ஞாயிறு

மச்சான் கொத்தனார். அவரை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? வெள்ளைச் சிமெண்ட் வாங்கிவைத்தேன். ஜல்லிக்குப் பதில் சிப்பி ஓடு. ஒரு வாரமாக வீட்டிலும் கடியபட்டணத்தில் பெரியப்பா வீட்டிலும் சேர்த்ததை வேகவைத்து, சதையெல்லாம் சுரண்டி, வெயிலில் காயவைத்து, உரலில் போட்டு இடித்தோம். பாதி கடலைப் பருப்பு அளவு, பாதி ரவை அளவு. போதாததற்குக் கோழித் தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சல் தூள் ஒரு மூட்டை.

மணல் சேர்க்கலாமா என்று மச்சான் கேட்டார். முட்டத்திலும் மணவாளக்குறிச்சியிலும் கொட்டிக் கிடக்கிறதே என்றார். அந்த மணலைக் கையில் அள்ளிப் பார்த்தால் கறுப்பும் சிவப்புமாக இருக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கூடவே மோனசைட், அதில் தோரியம். மணவாளக்குறிச்சியில் அரசு ஆலை நடப்பதே அதைப் பிரித்தெடுக்கத்தான். நம் ஊர் மண்ணின் பெருமை அது. ஆனால் என் தொட்டிக்குள் வேண்டாம்.

ஒரு டப்பா சிமெண்ட், நாலு டப்பா சிப்பி, ஒன்றரை டப்பா கல்லுப்பு. உப்பைப் பார்த்ததும் மச்சான் கையை எடுத்துவிட்டார். "அத்தான், உப்புப் பட்டா கம்பி துருப்பிடிச்சுப் போவும். இருபது வருசமா உப்பை விரட்டிக்கிட்டு இருக்கேன், நீங்க அள்ளிப் போடுதீங்க." இதில் கம்பியே இல்லை, இறுகிய பிறகு உப்பு கரைந்து போன இடமெல்லாம் துளையாகும் என்று விளக்கியதும் கொஞ்சம் யோசித்து, "அப்படியானா தண்ணி கூடக் கூடாது, உப்பு இப்பவே கரைஞ்சிரும்" என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். நான் எங்கும் படிக்காத அளவுக்குத் துல்லியமாகப் பதம் சொன்னவர் என் மனைவி. கையில் பிடித்தால் பிடிபடணும், விட்டால் உதிரணும். புட்டு மாவு பதம். அதேதான்.

அச்சுக்குப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஈரக் கிளிஞ்சல் தூளைப் பரப்பிக் குழி பறித்தோம். குழிக்குள் கலவையை அழுத்தாமல், கிள்ளிக் கிள்ளிப் போடவேண்டும். அழுத்தினால் மண்டபத்துத் தூண் மாதிரி ஆகிவிடும். குகை வேண்டிய இடத்தில் பப்பாளி இலைத் தண்டுகளைச் செருகினோம். அதுவே குழாய் மாதிரி இருக்கிறது, இறுகியதும் உருவி எடுத்துவிடலாம். மகளுடைய யோசனை. பதினொரு கல் வார்த்தோம்.

27 ஜனவரி, திங்கள்

சாயங்காலம் வெளியே எடுத்தோம். ஒன்று கையிலேயே மூன்றாக உடைந்தது. கடைசிக் கலவை அது, உப்பு கூடிவிட்டது. மற்றவை நன்றாக இருக்கின்றன. ஈரச் சாக்கு போட்டு மூடி, கட்டடத்துக்கு நனைப்பது மாதிரி காலையும் மாலையும் நனைப்பு.

9 பிப்ரவரி, ஞாயிறு

கல்லைத் தண்ணீருக்குள் இறக்கியாயிற்று. சிமெண்டிலிருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு கசிந்துகொண்டே இருக்கும். முதல் நாள் பிஎச் பட்டை 12ஐக் காட்டியது, அத்தனை காரம். கடலுக்கு 8.2 பக்கம் போதும். இந்தத் தண்ணீரில் கையை வைத்துவிட்டு எடுத்தால் விரல் நுனி வழவழவென்று இருக்கிறது, தோல் வெந்துபோகும். கையுறை போட்டுக்கொள்ளவேண்டும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றம். கிணறு இருப்பது எத்தனை பெரிய புண்ணியம்.

9 மார்ச், ஞாயிறு

ஒரு மாதம். தண்ணீர் மாற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், பிஎச் 8.2. சந்தோஷத்தில் தொட்டித் தண்ணீருக்கான கடல் உப்பு மூட்டைக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

12 மார்ச், புதன்

ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் வெளியூர். தண்ணீர் மாற்றவில்லை. இன்று வந்து பார்த்தால் பிஎச் 10க்கு மேல்.

என் தப்பு. புதுத் தண்ணீர் ஊற்றியதும் பார்த்தால் தெரிவது தண்ணீரின் பிஎச், கல்லினுடையது அல்ல. கல்லை அசையாத தண்ணீரில் மூன்று நாள் விட்டுவைத்து, அப்புறம் பார்த்து அது ஏறாமல் நின்றால்தான் ஆயிற்று என்று அர்த்தம். உயிரோடு எதையாவது உள்ளே விட்ட பிறகு இது தெரிய வந்திருந்தால்? நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது. யாராவது இதைப் படித்துவிட்டுக் கல் செய்வதாக இருந்தால், மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த மூன்று நாளை மறக்கவேண்டாம்.

6 ஏப்ரல், ஞாயிறு

மூன்று நாள் சோதனை, இரண்டு முறை. 8.3, 8.3.

13 ஏப்ரல், ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. கோயிலுக்குப் போய் வந்து, தரையில் டேங்கின் அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்குள் கல்லை அடுக்கிப் பார்த்தோம். காலையில் சுவர் மாதிரி இருந்தது, பின்னால் தண்ணீர் ஓடவே வழியில்லை. மத்தியானம் கோபுரம் மாதிரி இருந்தது, தட்டினால் விழும்.

பெரியப்பா வந்திருந்தார். நாற்பது வருடம் கடியபட்டணத்துப் பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார். எங்கள் பக்கம் கடலடிப் பாறைக்குப் 'பார்' என்று பெயர். கரையிலுள்ள மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றுக்கொன்று நேர்கட்டிப் பார்த்து, பார் எங்கே இருக்கிறதென்று நடுக்கடலில் கண்டுபிடிப்பார்கள். அதற்குக் கணியம் என்று பேர். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் ஒவ்வொரு கல்லாகத் தடவினார்.

"மக்கா, பார்ல ரெண்டு வாசல் இல்லாத பொடையில மீனு நிக்காது. இந்தப் பக்கம் விரட்டினா அந்தப் பக்கம் போவணும். ஒத்தவாசல் பொடையில சேறுதான் நிக்கும்." பொடை என்றால் பாறைப் பொந்து.

பெரிய கல் இரண்டைத் தள்ளி வைத்தார். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு வந்தது. நான் புத்தகத்தில் படித்தது நீரோட்டமும் அழுக்கு தேங்காமையும். அவர் சொன்னதும் அதேதான், மீனின் பக்கத்திலிருந்து. கண்ணாடியைத் துடைக்கக் கை போக நாலு பக்கமும் நாலு விரற்கடை விட்டோம். மணலுக்கு மேல் கல்லை வைத்தால் மணல் தோண்டும் மீன் ஒரு நாள் அதைச் சாய்த்துவிடும், ஆகவே முதலில் கல், அப்புறம் மணல்.

ஒன்பது கல் போதுமாக இருந்தது. ஒன்று மிச்சம்.

22 ஏப்ரல், செவ்வாய்

ஈஸ்டர் முடிந்த கையோடு தண்ணீர். ஆர்ஓ தண்ணீரில் உப்புக் கலந்து, உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35. பக்கத்திலேயே கடல் இருக்க இதென்ன வேலை என்று மச்சானுக்கு வருத்தம். கரைத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதென்று நாளுக்கு நாள் சொல்லமுடியாது, அதனால்தான்.

நாகர்கோவிலில் ஒரு நண்பர் மூன்று வருடமாக இதேபோல் சிமெண்ட்-சிப்பிக் கல்லில் தொட்டி வைத்திருக்கிறார். அவரிடமிருந்து உள்ளங்கை அளவில் ஒரு துண்டு. மேலெல்லாம் ஊதா கலந்த ரோஜா நிறம், யாரோ வண்ணம் பூசியது மாதிரி. கல்லில் ஒட்டி வளரும் கோரலைன் பாசி அது. ஈரத் துணியில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உறைமோர் மாதிரிதான் இது. ஒரு கரண்டி போதும், மொத்தப் பாலும் தயிராகும்.

அமோனியம் குளோரைடு கரைசல் விட்டு அமோனியாவை 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு ஆக்கினேன். மீனை விட்டு அதை வதைத்து பாக்டீரியாவை வளர்க்கும் பழைய முறையில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

11 மே, ஞாயிறு

நைட்ரைட் சோதனைக் குழாய் கத்தரிப்பூ நிறம், நைட்ரைட் ஏறியிருக்கிறது. அமோனியா குறைகிறது. வெயில் தாங்கவில்லை. தொட்டி 31 டிகிரி. மூடியை எடுத்துவிட்டு மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பில் திருப்பிவிட்டதும் 28க்கு இறங்கியது.

25 மே, ஞாயிறு

காலையில் 2 பிபிஎம் அமோனியா விட்டால் மறுநாள் காலை பூஜ்யம். நைட்ரைட்டும் பூஜ்யம். கல் வேலை செய்கிறது. பார்க்க மட்டும் பாவமாக இருக்கிறது, மேலெல்லாம் தவிட்டுப் பொடி தூவினது மாதிரி பழுப்புப் பாசி. டயட்டம் அது, தானாகப் போய்விடும். மனைவி பிரஷ் எடுத்து வந்தார், தடுத்துவிட்டேன்.

29 ஜூன், ஞாயிறு

மழையும் காற்றும். கடல் கலங்கிக் கிடக்கிறது. போன வாரமே பெரியப்பா இங்கே வந்துவிட்டார்.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மகள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள். இடது பக்கப் பெரிய கல், பப்பாளித் தண்டு போட்ட துளையின் வாயோரம், கடுகளவு ஒரு ரோஜாப் புள்ளி. நகத்தால் சுரண்டினால் வராது போலிருந்தது, அத்தனை ஒட்டு. பக்கத்தில் இன்னொன்று, அதைவிடச் சின்னது. நண்பர் கொடுத்த துண்டு இருப்பது வலது மூலையில். தொட்டியின் இந்தக் கோடிக்கு அது வந்து சேர அறுபத்தெட்டு நாள் ஆகியிருக்கிறது.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"கல்லு ஊறிப்போச்சு," என்றார். அப்புறம் விரலைக் கண்ணாடியில் வைத்து, பள்ளத்தாக்குக்குள் நிழல் விழுந்த ஓர் இடத்தைக் காட்டினார். "கலவாக் குஞ்சு இந்தா, இதுல வந்து நிக்கும், பாத்துக்க."

கலவா இவ்வளவு சின்னத் தொட்டியில் வளராது என்று மகள் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டார்ச் இன்னும் அந்த இடத்திலேயே அடித்துக்கொண்டிருக்கிறது.