அம்மாவின் பிடியரிசி: புறப்படும் நாட்களின் குறிப்பு

2024 செப்டம்பர் 3, செவ்வாய்

அம்மாவை அடக்கம் செய்து இன்றோடு 12 நாட்கள் ஆகின்றன. வத்தலக்குண்டு அண்ணனும் அண்ணியும் நேற்று மாலைப் பேருந்தில் கொடைக்கானல் மலையிறங்கிய பிறகு, வீட்டில் அப்பா, இவர், பிள்ளைகள் இருவர், நான் என்று ஐந்து பேர் மிஞ்சினோம். நவம்பர் 11 அன்று நாங்கள் நால்வரும் உகாண்டாவுக்குப் புறப்படுவதாக மே மாதமே முடிவாகியிருந்தது. கம்பாலாவுக்கு மேற்கே உள்ள ஒரு திருச்சபை மருத்துவமனையில் நான் பிரசவப் பிரிவிலும் இவர் ஆய்வகத்திலும் மூன்று ஆண்டுகள் ஊழியம் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறோம். அப்பாவை அம்மா பார்த்துக்கொள்வார் என்ற ஒரே நம்பிக்கையின் மேல்தான் அந்த முடிவு நின்றது.

காலையில் அரிசிப் பானைக்குப் பக்கத்திலிருந்த தகர டப்பாவைத் திறந்தேன். உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அம்மா இதில் போட்டுவிடுவார். மாதத்தின் முதல் ஞாயிறு அது ஆலயத்துக்குப் போய் மிஷனெரி காணிக்கையாகும். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது, நம் ஊழியத்தை நம் ஆட்களும் நம் பணமுமே நடத்த வேண்டும் என்று தீர்மானித்தார்கள் என்பதை, நெல்லைச் சீமைக்காரரான அம்மா பெருமையாகச் சொல்வார். டப்பாவில் கால் பங்கு அரிசியும், வண்டு விழாதிருக்க அவர் போட்ட இரண்டு வற்றல் மிளகாயும் இருந்தன. கடந்த ஞாயிறு அதை எடுத்துப்போக எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நின்றுபோயிருந்த, கம்பாலாப் பகுதியில் பேசும் லுகாண்டா மொழிப் பாடத்தை மீண்டும் தொடங்கினோம். நமக்கு இரவு ஏழரை என்றால் கம்பாலாவில் மாலை ஐந்து மணி; ஆசிரியை அங்கிருந்து கைப்பேசி வழியாகக் கற்பிக்கிறார். இதுவரை படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஜெபாலே கோ' என்ற வாழ்த்து. வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது, அவர் பாடுபடுவதைப் பாராட்டிச் சொல்லும் சொல் அது.

இரண்டு வாரம் வராத காரணத்தைச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "கிட்டாலோ, கிட்டாலோ ஞோ" என்றார். சாவு வீட்டில் சொல்லப்படும் சொல் அது என்றும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்றும் விளக்கினார். நான் அதை நோட்டில் எழுதி, மூன்று முறை சொல்லிப் பழகினேன். பிரசவ அறையில் இந்தச் சொல் எனக்கு ஒருநாள் தேவைப்படும் என்பது அப்போதே மனத்தில் பட்டது.

செப்டம்பர் 21, சனி

துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "அப்பாவையும் அம்மாவையும் விட்டுப் போக உங்களுக்கு மனம் வராதென்றுதான் தேவன் ஒருவரை முன்னதாக எடுத்துக்கொண்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல எண்ணத்தோடு சொன்னார் என்பது தெரியும். ஆனாலும் அதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பயணத்துக்கு வழி திறப்பதற்காக என் தாயின் இருதயத்தை நிறுத்துகிற ஒரு தேவனை நான் வேதத்தில் கண்டதில்லை. லாசருவின் கல்லறை முன் கண்ணீர் விட்ட இயேசுவைத்தான் கண்டிருக்கிறேன்.

இந்த மலைக்கு மிஷனெரிகள் வந்த கதையை நினைத்துப் பார்க்கிறேன். 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனில், காலராவிலும் காய்ச்சலிலும் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். எஞ்சியவர்கள் அந்தச் சாவுகளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டு சமவெளியிலேயே உட்கார்ந்திருக்காமல், காய்ச்சல் இல்லாத இடம் தேடி மலையேறி, 1845இல் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். மலைச்சாலை திறக்கப்படும்வரை அடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து அவர்களை டோலி என்ற தூக்கு நாற்காலியில் தூக்கி வந்தவர்களில் அப்பாவின் தாத்தாவும் ஒருவர். அந்த நாற்காலியில் வந்தவர்கள் அழுதிருப்பார்கள், பயந்திருப்பார்கள், அப்படியே ஊழியமும் செய்தார்கள். எனக்கும் அந்த அனுமதி போதும்.

அக்டோபர் 4, வெள்ளி

சென்னை, கிண்டி கிங் நிலையத்தில் நால்வரும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். சான்றான மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு பத்திரப்படுத்தச் சொன்னார்கள். மகன் அழவில்லை. மகள் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்ற எண்ணம் சில வாரங்களாக என்னை விடவில்லை. அதையும் மருத்துவரிடம் கேட்டேன். இது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசி என்பதால், 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல் என்றார். அப்பாவுக்கு 74 வயது. செவிலியரான எனக்கு இது முன்பே தெரியும். ஆனாலும் வேறொருவர் வாயிலிருந்து கேட்டால்தான் அந்த எண்ணத்தை விட முடியும் போலிருந்தது. பேருந்து பெருமாள்மலையைத் தாண்டும் வரை இவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஏரிப் பக்கம் நடந்து வரும்போது, பயணத்தை ஓர் ஆண்டு தள்ளி வைக்கலாம் என்று இவரும் நானும் பேசியிருப்பதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. 35 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர்; எதைச் சொல்வதற்கும் கால்டுவெல் ஐயரிடமிருந்தே தொடங்குவார்.

"ஐயர் 1838இல் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு 23 வயது, அம்மா. நாம் அவர் எழுதிய ஒப்பிலக்கணத்தைப் பேசுகிறோம். அவரைக் கப்பலேற்றிவிட்டு வீட்டில் இருந்தவர்களைப் பற்றி யார் பேசுகிறோம்?" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "அவர் இதே கொடைக்கானலில்தான் 1891இல் கண்ணை மூடினார். மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். இடையன்குடிப் பெண்ணான உன் அம்மாவை நான் இங்கே வைத்திருக்கிறேன். அவளைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு இருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல், தேதியை மாற்ற வேண்டாம்" என்றார்.

அவர் குரல் நடுங்கியது. சம்மதம் தந்தாரே தவிர, வலிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் வலிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

அண்ணனின் மூத்த மகன் இங்கேயே வேலை பார்ப்பதால், அவன் வந்து தாத்தாவோடு தங்குவதாக ஏற்பாடாயிற்று. பெட்டிகள் ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள் இருக்க வேண்டும். கொசுவலை, மருந்து, பாடப் புத்தகம், கம்பளிகளில் பாதி. இந்த மலைக் குளிருக்குத் தைத்த மற்ற உடைகள் அங்கே தேவைப்படாது. அம்மாவின் வெள்ளைப் பருத்திச் சேலைகளில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்தேன்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. பிள்ளைகள் களை பிடுங்கினார்கள். அப்பா சுண்ணாம்பு அடித்தார். பக்கத்தில் பெயர் அழிந்துபோன பழைய கல்லறை ஒன்றையும், யாருடையது என்று கேட்காமல், வழக்கம்போல் சேர்த்துச் சுத்தம் செய்தார். மகன், "நாங்க போறது பாட்டிக்குத் தெரியுமா தாத்தா?" என்று கேட்டான். "அவள் சொல்லித்தானே போகிறீர்கள்" என்றார் அப்பா. மெழுகுவர்த்திகள் காற்றில் அணைந்துகொண்டே இருந்ததால், மகள் தன் குடையை அவற்றின் மேல் சாய்த்துப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.

நவம்பர் 3, ஞாயிறு

இன்று எங்களுக்கு அனுப்புதல் ஆராதனை. காலையில் அவசரமாகப் புறப்படும் நேரத்தில், முதல் ஞாயிறு என்பது நினைவு வந்து, டப்பாவை எடுக்க ஓடினேன். அது ஏற்கெனவே அப்பாவின் கையில், துணிப்பையில் இருந்தது. வாங்கிப் பார்த்தேன், கனத்தது. அம்மா விட்டுப்போன கால் பங்கு, மூடி அழுத்தினால்தான் அடங்கும் அளவுக்கு ஏறியிருந்தது. அக்டோபர் முழுவதும் உலை வைக்கும் வேலையை அப்பா ஏன் என்னிடமிருந்து பிடிவாதமாக வாங்கிக்கொண்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. அவருடைய பிடி அம்மாவின் பிடியைவிடப் பெரிது. வற்றல் மிளகாய் இரண்டையும் மாற்றிப் புதிதாகப் போட்டிருந்தார்.