மூஸ் தோலும் செல்போனும்

கம்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மூஸ் (பெரிய காட்டு மான்) தோல். கனடாவின் வடக்கே வாழும் டெனே பழங்குடியைச் சேர்ந்த பாட்டி ஒருவர் எலும்புக் கருவியால் சுரண்டிக்கொண்டே இருக்கிறார். பேத்தி செல்போனில் படம் எடுக்கிறாள்.

காலையில் பார்த்த வீடியோ. கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

சுரண்டிய தோலை விலங்கின் மூளையைக் கரைத்த நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, உளுத்த ஸ்ப்ரூஸ் மரத்தின் புகையில் பதப்படுத்துவார்கள். அதன்பின் நனைந்து காய்ந்தாலும் விறைக்காது. எவ்வளவு பாடு!

கனடாவின் வடக்கே, கிரேட் பேர் ஏரிக்கரையில் டெலினே என்றொரு டெனே ஊர். சில நூறு பேர்தான். 2016இல் தன்னாட்சி பெற்றார்கள்.

தாய்மொழி பேசிய பிள்ளைகளைத் தண்டித்த உறைவிடப் பள்ளிகளைத் தாண்டி வந்த சனம். அவர்களிடம் போய், 'போன் வந்ததும் மரபு போச்சு' என்று யாரும் சொல்ல வேண்டாம். கரிபூ என்ற வடபுலத்து மானின் தோலில் செய்த மேளம் அங்கே இன்னும் ஊரையே ஆடவைக்கிறது.