கடல் விலகினால்தான் ரன்வே

இருபத்தேழு வருஷம் ரயில்வே கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட், எதனால் லேட் என்று எழுதியே காலத்தைத் தள்ளியவன் நான். கிளாஸ்கோவில் இருக்கும் மச்சினன் பாரா தீவுக்கான விமான அட்டவணையைக் காட்டியபோது சிரிப்பு வந்துவிட்டது. திங்களன்று ஒரு நேரம், செவ்வாயன்று வேறொரு நேரம், புதனன்று இன்னொன்று.

"என்ன மாப்ள, யாரு போட்ட டைம்டேபிள் இது?"

"நிலா போட்டது அத்தான்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளின் தெற்கு முனையை ஒட்டி இருக்கிறது பாரா. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,174. 1936-லிருந்து அங்கே விமான நிலையம் இருக்கிறது. தார் போட்ட ஓடுபாதைதான் இல்லை. 'ட்ராய் வோர்' என்ற கடற்கரையில், தண்ணீர் வற்றியதும் இறுகிக் கிடக்கும் மணலிலேயே விமானம் இறங்குகிறது. கேலிக் மொழியில் அந்தப் பெயருக்குப் பெரிய கடற்கரை என்று பொருள். முக்கோணமாக மூன்று பாதைகள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கேற்ற பாதை. முனைகளில் மரக்கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். ஏற்றத்தின்போது மூன்று பாதையும் கடலுக்குள் போய்விடும். நிலாவின் இழுப்பால் வரும் இந்தக் கடல் ஏற்ற இறக்கம் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போவதால் விமான நேரமும் கூடவே நகர்கிறது. அட்டவணை போட்டு நடக்கும் விமானங்கள் இப்படி அலை வந்துபோகும் மணலில் இறங்குவது உலகத்திலேயே இங்கே மட்டும்தானாம்.

விமானம் ட்வின் ஆட்டர். 19 பேர் உட்காரலாம். இரண்டு பக்கமும் விசிறி. முன்வரிசையில் உட்கார்ந்தால் விமானியின் முழங்கை அசைவது வரை தெரிகிறது. கிளாஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். கீழே மலை, ஏரி, தீவு, பிறகு வெறும் கடல். காது அடைத்தது, வேறு குறை சொல்ல ஒன்றுமில்லை.

இறங்கும் நேரத்தில்தான் வயிறு கலங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தண்ணீர். இன்னும் தாழ்ந்தாலும் தண்ணீர். மணல்மேல் விரலளவு நீர் தேங்கி, மேகத்தை அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. அலை விட்டுப்போன வரிகள் ஓலைப்பாய் மாதிரி தெரிந்த நொடியில் சக்கரம் தொட்டது. 'ஷ்' என்று நீர் சீறி ஜன்னலில் அடித்தது. தார் ரோட்டில் இறங்கும்போது வருமே அந்தக் குலுக்கல், அது இல்லை. நனைந்த சாக்கின்மேல் எதையோ தரதரவென்று இழுத்த மாதிரி இருந்தது. ஏணியில் இறங்கிக் காலை வைத்தேன். பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ குதிகால் வரை ஈரம். காலடியில் உடைந்த சிப்பிகள் நறநறத்தன. மச்சினன் மட்டும் ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்!

பெட்டி வாங்குமிடம் பஸ் ஸ்டாப் நிழற்குடை மாதிரி ஒன்று. கம்பத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை பறந்துகொண்டிருந்தால் விமான நிலையம் நடக்கிறது, கடற்கரைக்குள் போகாதே என்று பலகை இருக்கிறது. இறக்கிவிட்டால் மணல் மறுபடி சிப்பி பொறுக்குகிறவர்களுக்கு. ராத்திரியில் விளக்கு கிடையாது. அவசர நோயாளிக்காக விமானம் வரவேண்டியிருந்தால் மணலில் ஒளி திருப்பும் பட்டைகளை விரித்து, வண்டிகளின் ஹெட்லைட்டைப் போட்டு இறக்குவார்களாம்.

தீவைச் சுற்றி ஒரே ரோடு. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே இடம் விட்டிருக்கிறார்கள்; ஒதுங்கியவருக்குக் கை தூக்கிக் காட்டாமல் யாரும் போவதில்லை. சிங்கிள் லைனில் கிராஸிங் போட்டுப் பழகிய எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்துத் தீவான வாட்டர்சேக்கு 1991-இல்தான் கல்பாலம் வந்தது. அதற்கு முன் மாடுகளைக் கடலில் நீந்தவைத்துத்தான் கடத்துவார்கள். பெர்னி என்ற பொலிகாளை அப்படிப் போகும்போது மூழ்கிச் செத்துப்போக, அதற்கப்புறம்தான் பாலக் கோரிக்கைக்கு வேகம் வந்ததாம். சிவப்பு நாடாவை ஒரு காளை அறுத்த கதை.

மூன்றாம் நாள் திரும்ப வேண்டும். காலையிலிருந்து மூடுபனி. காற்றுப்பை நனைந்து தொங்கியது. விமானம் கிளாஸ்கோவிலிருந்தே கிளம்பவில்லை என்றார்கள். பனி விலகட்டும், காத்திருக்கலாம் என்று உட்கார்ந்தேன். பனியும் விலகியது. ஆனால் அதற்குள் மரக்கம்பங்களைச் சுற்றித் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் அடிக்கிறது, வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது, ரன்வே மட்டும் இல்லை! அடுத்த இறக்கம் இருட்டிய பிறகு. கூட இருந்தவர்கள் யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. ஒரு பாட்டியம்மா பையிலிருந்து பின்னல் வேலையை எடுத்துக்கொண்டார்.

பழக்கதோஷம், நோட்டை எடுத்து 'ரத்து' என்று எழுதினேன். பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். சிக்னலா, என்ஜினா, தண்டவாளமா, யார் கணக்கில் போடுவது என்று கன்ட்ரோல் அறையில் எத்தனை சண்டை போட்டிருப்போம்! இதை எந்த டிபார்ட்மென்ட் தலையில் கட்டுவது? கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

மறுநாள் பாராவின் துறைமுகமான காசில்பேயிலிருந்து ஸ்காட்லாந்துப் பெருநிலக் கரையிலிருக்கும் ஓபனுக்குக் கப்பல், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஆறு நிமிஷம் லேட்டாகக் கிளம்பியது. அதைக் குறித்துக்கொண்டேன்.