எரிமலை மேல் குடித்தனம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் என்றதும் அடைமழையும் பாசி படர்ந்த காடும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதெல்லாம் கேஸ்கேட் மலைத்தொடருக்கு மேற்கே. நாங்கள் குடியேறிய பெண்ட் நகரம் கிழக்கே, மழை மறைவில் இருக்கிறது. சுமார் 3,600 அடி உயரம். மழை, பனி எல்லாம் சேர்த்தும் ஆண்டுச் சராசரி 12 அங்குலத்தைத் தாண்டாது. கோவில்பட்டிக் கரிசலில் வளர்ந்த எனக்கே இது வறட்சியாகத்தான் பட்டது.

ஆனால் டெஷூட்ஸ் ஆறு கோடையிலும் வற்றுவதில்லை. மலையில் உருகும் பனி ஓடையாக வழியாமல், வெடிப்பு விட்ட லாவாப் பாறைக்குள் இறங்கி, மெல்ல ஊர்ந்து, கீழே ஊற்றாகக் கிளம்புகிறது. அதே பாறையில் வெட்டிய பாசன வாய்க்கால்களோ பாதி வழியிலேயே தண்ணீரைப் பறிகொடுக்கின்றன. அதனால் இப்போது வாய்க்காலை மூடிக் குழாய் பதிக்கிறார்கள். கசிவு நின்றால் வாய்க்கால் கரை மரங்கள் பட்டுப்போகுமே என்று அங்கே வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆத்திரம். மிச்சமாகும் தண்ணீர் ஆற்றிலேயே ஓடுமே, நான் ஆற்றின் கட்சி.

கொல்லையில் கடப்பாரை போட்டால் சாண் ஆழத்தில் 'ணங்'கென்று பாறை. மேலே கிடப்பது மண்ணா என்றால், பெரும்பாலும் சாம்பலும் நுரைக்கல்லும். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் தெற்கே மசாமா எரிமலை வெடித்துக் கொட்டியது. அந்த நுரைக்கல்லை வாளித் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது! ஜூலையில்கூட இரவில் உறைபனி விழலாம் என்பதால் தக்காளிச் செடிக்குப் பழைய போர்வை. கறிவேப்பிலைக்கு வீட்டுக்குள்தான் வாசம்.

ஊரை ஒட்டியே டெஷூட்ஸ் தேசியக் காடு, ஏறத்தாழ 16 லட்சம் ஏக்கர். மரம் வெட்டுவது, மாடு மேய்ப்பது, பனிச்சறுக்கு எல்லாம் அதற்குள்ளேயே நடக்கின்றன. அனுமதிச் சீட்டு வாங்கினால் நாமும் விறகு எடுக்கலாம். 1990இல் தனியாகப் பிரித்துக் காக்கப்பட்ட நியூபெரி எரிமலைப் பகுதியில் மட்டும் லாவா உறைந்து உண்டான கருங்கண்ணாடிக் கல்லில் ஒரு சில்லைக்கூட எடுக்கக்கூடாது.

பொண்டரோசா பைனின் பட்டையில் மூக்கை வைத்தால் வெனிலா மணக்கும். தடித்த பட்டை, தரையோடு போகும் நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. அந்தத் தைரியத்தில் வசந்தத்தில் வனத்துறையே சருகுக்குத் தீ வைக்கிறது. சில நாள் ஊரெல்லாம் புகை. இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்துவோம். ஆகஸ்டில் மின்னல் வைக்கும் தீக்கு இது எவ்வளவோ மேல். பறந்து வரும் பொறி கூரையில் சேர்ந்த பைன் ஊசிகளில் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதால், மே பிறந்தால் எங்கள் தெருவே ஏணி சாத்தி ஏறிவிடுகிறது.