வாசல் 22 அடி, கொல்லை 72 அடி: தாத்தா வீட்டை விற்ற அனுபவம்

மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் எங்களுடையது. அங்கே தாத்தா வாங்கிய வீட்டை விற்பது என்று 2023 பொங்கலுக்கு முடிவெடுத்தோம். பத்திரம் பதிவானது 2024 பங்குனியில். இந்தப் பதினான்கு மாதத்தில் வாங்குபவரைத் தேடியது நான்கு மாதம்தான். மீதி பத்து மாதமும் காகிதத்துக்கே போனது. பின்னால் பெரிய கொல்லையோடு இதேபோல ஒரு பழைய வீட்டை வைத்துக்கொண்டு, விற்கலாமா என்று யோசிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். தெருவில் நின்று பார்த்தால் 22 அடி முகப்பு. இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் பக்கத்து வீட்டுச் சுவர்கள். தாழ்ந்த நாட்டு ஓட்டுக் கூரை, ஒரு திண்ணை, குனிந்து நுழைய வேண்டிய நிலைப்படி. பார்ப்பவருக்கு ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். உள்ளே நுழைந்தால் நடை, அதைத் தாண்டிக் கூடம், முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், இரண்டு அறை, அப்புறம் இரண்டாங்கட்டு, சமையலறை, கிணற்றடி. 110 அடி நீளம். கிணற்றடிக் கதவைத் திறந்தால்தான் கொல்லை. அங்கே வீடு திடீரென்று அகன்றுவிடும். பக்கத்து வீடுகள் இரண்டும் அந்த 110 அடியோடு நின்றுவிட, அவற்றின் முதுகுக்குப் பின்னால் இருந்த நிலத்தையும் தாத்தா வாங்கிச் சேர்த்திருந்தார். 72 அடி அகலம், 120 அடி நீளம். மா இரண்டு, பலா ஒன்று, நார்த்தை, முருங்கை, வாழை, வேலியோரம் பவழமல்லி. தென்னை பதினொன்று இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த அந்த ஒரே இரவில் ஏழு சாய்ந்துவிட்டது. அப்பா அந்தக் குழிகளிலேயே புதுக்கன்று வைத்தார். அடுத்த வருடம் அவர் போய்விட்டார்.

தரகர் அண்ணன் கூட்டிவந்த முதல் ஆறேழு பேரும் தெருவிலேயே நின்று வீட்டை அளந்தார்கள். சிலர் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, “முகப்பு ரொம்பக் குறுகல் தம்பி, கார் நிக்காதே” என்று சொல்லிக் கிளம்பினார்கள். ஒருவர் மட்டும் கொல்லைவரை வந்தார். வந்தவர், “வீட்டை விட்டுடுங்க, கொல்லையை மூணு மனையாப் போட்டு வித்துடலாம்” என்றார். மனையாகப் பிரிப்பதென்றால் ஊரமைப்பு அனுமதி வேண்டும். அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 முதல் தடை இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், பலாவை வெட்டி நடுவில் பாதை விடுவதை அம்மாவால் கேட்கக்கூட முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அதன்பிறகு ஒரு மாற்றம் செய்தேன். ஆட்களைத் தெருவாசல் வழியாகக் கூட்டிவராமல், ஆற்றங்கரைச் சந்து வழியாகக் கொல்லைப் படலுக்குக் கூட்டிவந்தோம். மாலை நாலரை மணிக்கு மேல், வெயில் தாழ்ந்த பிறகு. கொல்லை, கிணறு, இரண்டாங்கட்டு, முற்றம் என்று பின்னாலிருந்து முன்னால் நடந்து, கடைசியில் திண்ணையில் கொண்டுவந்து உட்காரவைத்தோம். கூடவே அளவுகளைக் கையால் வரைந்த ஒரு படத்தையும் கொடுத்தேன். அப்படி வந்த மூன்றாவது குடும்பம்தான் வாங்கியது. கணவன் மனைவி இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். டீச்சர் கிணற்றடியில் நின்று கொல்லையைப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் ஒன்றுமே பேசவில்லை. வெளியே போகும்போது, “இதை வேற யாருக்கும் சொல்லிடாதீங்க தம்பி” என்றார். முன்பணம் வாங்கிக் கிரய ஒப்பந்தம் போட்டுப் பதிந்தோம்.

அவர்களுடைய வக்கீல் பத்திரங்களைக் கையில் எடுத்த பிறகுதான் எங்களுக்கே ஒன்று தெரிந்தது. நாங்கள் ஒரே வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தது, காகிதத்தில் இரண்டு தனிச் சொத்து. வீடு 1958இல் வாங்கியது. கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கான நிலத்தில் இருக்கிறது, நத்தம் பட்டா. கொல்லை 1966இல் வாங்கியது. வேறு சர்வே எண், புஞ்சை. நான் பெருமையாக எடுத்து வைத்திருந்த வில்லங்கச் சான்று வீட்டின் எண்ணுக்கு மட்டும்தான். அதில் வில்லங்கம் ஒன்றுமில்லை என்று வந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். எந்த எண்ணைக் கொடுத்துத் தேடுகிறோமோ அதற்கு மட்டும்தானே அது பதில் சொல்லும். கொல்லையின் எண்ணுக்குப் போட்டபோது இரண்டு சிக்கல் வெளியே வந்தது.

முதலாவது, பழைய அடமானம். தாத்தா 1979இல் பம்புசெட் வாங்க ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, கொல்லையை ஈடு காட்டியிருக்கிறார். கடன் அடைந்துவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடைத்ததற்கான ரசீதைப் பதிவு செய்யாததால், வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே நின்றது. சங்கத்தில் போய்க் கேட்டால், அவ்வளவு பழைய கணக்கு இருக்காது என்றார்கள். நான்கு முறை நடந்தேன். ஐந்தாவது முறை அங்கே இருந்த வயதான எழுத்தர் ஒருவர் பரிதாபப்பட்டு, பரண்மேல் கட்டிப் போட்டிருந்த பேரேடுகளைக் கீழே இறக்கினார். துணிக்கட்டு அவிழ்ந்ததும் அறை முழுக்கப் புழுதி. செல்லரித்த ஓரங்களை விரலால் மெதுவாக நீக்கி நீக்கிப் பக்கம் புரட்டி, தாத்தா பெயரைக் கண்டுபிடித்தார். 1986இல் கடைசித் தவணை, அதற்கு எதிரே சிவப்பு மையில் ‘நேர்’, அதாவது கணக்குத் தீர்ந்தது என்று எழுதி, கீழே தாத்தாவின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அப்புறம் சங்கத்தில் தீர்மானம் போட்டு, செயலாளர் நேரில் வந்து ரசீதைப் பதிவு செய்து கொடுக்க இரண்டு மாதம் ஆனது.

இரண்டாவது, கூட்டுப் பட்டா. 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யுடிஆர் கணக்கெடுப்பில் கொல்லையையும் அதை ஒட்டிய இருவரின் நிலத்தையும் சேர்த்து ஒரே பட்டாவில் மூன்று பெயராக எழுதியிருந்தார்கள். யாருக்கு எந்த இடம், எவ்வளவு என்று பிரிவில்லை. உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்காமல் விற்றால், வாங்குபவர் தலையில் அந்த வேலை விழும். உட்பிரிவு தேவைப்படாத சொத்தென்றால் பத்திரம் பதிந்ததும் பட்டா பெயர்மாற்றம் தானாகவே நடந்துவிடுகிறது. அதனால் இந்த வேலையை நாங்களே முடித்துத் தருகிறோம் என்று சொன்னோம். விண்ணப்பம் போட்டு, கூட்டுப் பட்டாக்காரர்கள் இருவரையும் கூட வைத்துக்கொண்டு அளந்தோம்.

அளந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. புலப்படத்தில், அதாவது சர்வே வரைபடத்தில் இருந்த வடகிழக்கு மூலைக்கல்லைக் காணோம். சர்வேயர் தெற்குக் கல்லிலிருந்து அளந்து வந்து, பலா மரத்தடியில் நின்று, “இங்கதான் சார் இருக்கணும்” என்றார். கடப்பாரையால் வேரோரம் கிளறினோம். ஒரு முழ ஆழத்தில், தொடையளவு வேர் ஒன்று கல்லின் பாதியைக் கவ்விக்கொண்டு வளர்ந்திருந்தது. தலையில் வெட்டிய குறி மட்டும் மழுங்காமல் இருந்தது. பக்கத்து வேலி அந்தக் கல்லிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி இருந்தது தெரிந்தது. வேலிக்காரர் எனக்குச் சித்தப்பா முறை. சண்டை வருமோ என்று பயந்தேன். அவர் கல்லைக் குனிந்து பார்த்துவிட்டு, “எங்கப்பா போட்ட வேலிடா. கல்லு சொன்னா சரிதான்” என்று சொல்லி, மறுநாளே ஆள் விட்டு மாற்றிக் கட்டினார்.

அளவுக் கணக்கையும் இங்கேயே சொல்ல வேண்டும். 1966 பத்திரத்தில் கொல்லை ‘60 குழி’ என்றுதான் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா. ஆக 8,640 சதுர அடி. புதுப்பட்டாவில் 0.08.0 ஹெக்டேர், அதாவது 800 சதுர மீட்டர், 8,611 சதுர அடி. மெட்ரிக்குக்கு மாற்றும்போது விட்ட பின்னம்தான் வித்தியாசம். இந்த 29 சதுர அடிக்கு விளக்கம் சொல்லத் தெரியாமல் ஒரு வாரம் தூங்காமல் இருந்தேன். குழி, மா என்று இருக்கும் பழைய பத்திரங்களை முதலிலேயே உட்கார்ந்து சதுர அடிக்கு மாற்றி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டமும் அப்படித்தான்: பழைய பத்திரங்களில் தஞ்சாவூர் மாவட்டம் என்று இருக்கும், 1997 முதல் நாங்கள் திருவாரூர் மாவட்டம்.

அடுத்தது வாரிசு. இதைத்தான் ரொம்பவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாத்தா உயில் எழுதாமல் 1994இல் காலமானார். பாட்டியும் இல்லை. வீடு அப்பாவுடையது என்றே எல்லாரும் பேசி வந்தோம், ஏனென்றால் வரி கட்டியதும் ஓடு மாற்றியதும் அப்பா. ஆனால் தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து இது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகள்களுக்கும் சமபங்கு. இரண்டு அத்தைகளும் சீர்செனத்தி வாங்கிப் போய்விட்டார்கள் என்பதெல்லாம் சட்டத்தில் நிற்காது, மனசாட்சியிலும் நிற்கக் கூடாது. நான் பெரிய அத்தையிடம் நேரில் போய், உங்கள் பங்கு மூன்றில் ஒன்று, பணமும் அதன்படியே வரும் என்று சொன்னேன். அத்தை, “எனக்கு எதுக்குடா பணம், உங்கப்பன்தானே பாத்தான் வீட்டை” என்றார். சரி என்று விட்டுவிடவில்லை. விற்ற தொகையில் அவர் பங்கு அவருடைய கணக்குக்கே போனது.

சின்ன அத்தை உயிரோடு இல்லை. அவர் மகன் துபாயில். லீவு கிடைக்காததால், தன் சார்பில் இங்கே கையெழுத்திட அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் பொது அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினான். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதை முடித்தோம். ஆனால் வரியில் ஒன்றை நாங்கள் யோசிக்கவில்லை. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பது தெரியும். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு அந்தக் கணக்கு செல்லாது; பிடித்தம் அதிகம், அதற்கு அப்போது வாங்குபவர் டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) எடுக்க வேண்டியிருந்தது. டீச்சர் வீட்டுக்காரர் ஆடிட்டரைப் பிடித்து அதையும் எடுத்தார். ஒப்பந்தக் காலம் முடிந்து இரண்டு முறை நீட்டித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். இன்னொருவராக இருந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

பதிவுச் செலவு அவர்களுடையது: முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். கொல்லை பெயருக்குப் புஞ்சையாக இருந்தாலும், வீட்டோடு சேர்ந்தது என்பதால் தெருவின் மனை மதிப்புக்குத்தான் கணக்கிட்டார்கள். இதை முன்பே விசாரித்து வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பெரிய அத்தை மன்னார்குடி கோயிலின் வெண்ணெய்த்தாழி உற்சவத்துக்கு வருவதாக இருந்ததால், அந்த வாரத்திலேயே பதிவுக்கு டோக்கன் போட்டோம். ஊரெல்லாம் திருவிழாக் கூட்டம். சார்பதிவாளர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, பத்திரத்தில் இருப்பது சம்மதமா, பணம் வந்ததா என்று கேட்டார். அத்தையின் கைரேகை இயந்திரத்தில் விழவில்லை. மூன்று முறை துடைத்துத் துடைத்து வைத்தோம். நாலாவது தடவை விழுந்தது.

சாவி கொடுக்க எல்லாரும் வீட்டுக்குப் போனோம். அத்தை யாருக்கும் காத்திருக்காமல் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே கொல்லைக்கு நடந்தார். “இந்த மா புளிப்பு, ஊறுகாய்க்குத்தான். அது இனிப்பு. நார்த்தைக்கு அடியில சாம்பல் போடுங்க. கிணத்துல சித்திரையிலயும் தண்ணி இருக்கும், ஆனா ராட்டினத்துக்கு எண்ணெய் விட மறந்துடாதீங்க.” டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார். அத்தையின் தம்பி, என் அப்பா வைத்த கன்றுகள் பழைய நான்கு தென்னைக்கு நடுவே நின்றன. அத்தை அங்கே நின்று அவற்றை எண்ணினார். ஏழு.